டியூப் எடுத்த பகல்

உருவியபோது வலித்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எரிந்தது, அதுவும் கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். ரெஜினா சிஸ்டர் ஊசி இல்லாத சிரிஞ்சைச் சிறுநீர்க் குழாயின் பக்கவாயில் செருகி, உள்ளே பலூனைப் பிடித்து நிறுத்தியிருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். மூச்சை நல்லா இழு என்றார். கோகிலவாணி இழுத்த மூச்சை விடுவதற்குள் குழாய் வெளியே வந்து ட்ரேயில் சுருண்டு கிடந்தது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் இப்படித்தான் ஒரு நாடாப்புழு சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்து வரைந்து பேர் குறித்தவள் அவள்தான். இப்போது தனக்குள் இருந்ததைப் பார்க்கப் பிடிக்காமல் கூரையைப் பார்த்தாள். மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்தது. நிறைய தண்ணி குடி, நட, வந்தா உடனே போ, போனா என்கிட்ட வந்து சொல்லு என்று சிஸ்டர் வரிசையாகச் சொன்னார். மத்தியானத்துக்குள்ள வரணும். வராட்டி மறுபடி போடணும். இந்தத் தடவையும் வரலேன்னா டியூபோட வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டார் டாக்டர், பதினஞ்சு நாள் கழிச்சு வந்து எடுத்துக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் சொன்னதுதான் கோகிலவாணியின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. டியூபோடு வீட்டுக்கு. வீடு என்றால் ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. அப்பா, தம்பி, அவ்வப்போது எட்டிப் பார்க்கிற சித்தப்பா. சேலைக்குக் கீழே டியூபில் மாட்டிய பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த அறையில் அவள் எங்கே உட்காருவாள், எங்கே படுப்பாள், மஞ்சளாகத் தளும்புகிற அதை யார் கண்ணிலிருந்து எந்தப் பக்கம் திருப்பி வைப்பாள்.

பக்கத்துக் கட்டில் ஜெயக்கொடிக்கும் அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்தவள், கொத்தனாரோடு சித்தாள் வேலை பார்க்கிறவள், வந்த நாளிலிருந்து கோகிலவாணியை டீச்சரு என்று கூப்பிடுகிறவள். யாருக்கு மொதல்ல வருதுன்னு பந்தயம் வச்சுக்குவமா டீச்சரு, தோத்தவ ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுக்கணும் என்றாள். எதிர்க்கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்குமென்று. கோகிலவாணியும் சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதே உள்ளே ஏதோ ஒன்று கைகட்டி நின்று கவனித்துக்கொண்டிருந்தது: வருகிறதா, வருகிறதா. சினைப்பையில் கட்டி முறுக்கிக்கொண்டு, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்து, இங்கே தூக்கி வந்து வயிற்றைத் திறந்தபோது போட்ட குழாய் அது. அம்மா ஊருக்கெல்லாம் குடல்வால் என்று சொல்லி வைத்திருக்கிறாள். கல்யாணமாகாத பெண்ணுக்குச் சினைப்பை என்று ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரியக் கூடாது. ஆபரேஷன் முடிந்து முதல்முறை டியூபை எடுத்தபோது அவளுக்கு வரவில்லை. வராது என்று ஒரு சாத்தியம் இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. வயிறு கல்லாகி, தையலுக்குக் கீழே தோல் பளபளத்து, கடைசியில் பயிற்சிக்கு வந்த ஒரு நர்ஸ் பெண் மறுபடி போட்டாள். அந்தப் பெண் இடம் தப்பி, திரும்ப எடுத்து, வேறொன்று பிரித்து, மன்னிச்சுக்கங்க அக்கா மன்னிச்சுக்கங்க அக்கா என்று சொல்லிச் சொல்லியே செய்தாள். திரைச்சீலையின் கீழே ஆண்களின் செருப்புகள் தெரிந்தன. அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டேதான் கோகிலவாணி பல்லைக் கடித்திருந்தாள். வலி மறந்துவிட்டது, ஒரு செருப்பின் வார் அறுந்து நூலால் தைத்திருந்தது மட்டும் மறக்கவில்லை.

தண்ணீர் குடித்தாள். அம்மா பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். இந்த அம்மாதான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தண்ணி குடிக்காதே என்று சொல்லி வளர்த்தவள். பரீட்சை அன்றைக்குக் காப்பிகூடக் கிடையாது. ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கென்று நாலு சுவர் இருந்தது, கதவு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் கதவு இருந்தது, தண்ணீர் இல்லை. கல்லூரிக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டே போக வேண்டும். வீட்டுக்கு வந்துதான் போக வேண்டும் என்பது அவளுக்கு ஒரு விதியாகவே படவில்லை, உடம்பு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று நினைத்திருந்தாள். பிறகு இந்தப் பள்ளிக்கூடம். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் அறிவியல். ஆசிரியைகளுக்குக் கழிப்பறை உண்டு, உள்ளே டைல்ஸ்கூடப் பதித்திருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகள் போய் அசிங்கம் பண்ணிவிடுவார்கள் என்று பூட்டு. சாவி ஆபீஸில், கிளார்க் தெய்வநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எடுக்க வேண்டுமென்றால் அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு எழுந்து எடுத்துத் தர வேண்டும். என்ன டீச்சர், சாவியா என்பார். அவ்வளவுதான் கேட்பார். தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கட்டணம் கட்ட வந்து நிற்கிற தகப்பன்மார் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சாவியில் ஒரு கட்டைத் துண்டு கோத்திருக்கும், தொலைந்து போகாமலிருக்க. அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து போவதும் வருவதும் மூன்று மாடிக்கும் தெரியும். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. சிறுநீர்ப்பை நிரம்பிக் கனக்கக் கனக்கக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் சிறுநீர்ப்பையை வரைந்து, இது விரியக்கூடிய தசையால் ஆன பை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பின்வரிசைப் பையன்கள் களுக்கென்று சிரிப்பார்கள். சிரிப்பை அடக்க அவள் முறைப்பாள். அடக்குவதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது.

அம்மாவுக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. விடியுமுன்னே ஜீப்பில் அடைத்து மலையேற்றி ஏலத் தோட்டத்தில் கொண்டு விடுவார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. வந்தால் செடி மறைவில் போய்விட்டு வந்து அடுத்த தூரில் குனிந்துகொள்வாள். கங்காணிகூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். ஆனாலும் அம்மா அதை அவமானமாகவே நினைத்திருந்தாள். நீயாவது படிச்சு, கதவு இருக்கிற இடத்துல வேலை பாரு என்று சொல்லுவாள். அவள் படித்தாள். கதவு இருக்கிற இடத்தில்தான் வேலை பார்த்தாள். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பெற்ற வீட்டிலும் சரி, அம்மாவைப் பெற்ற வீட்டிலும் சரி, பத்தாவது தாண்டியவர்கள் இல்லை. அவள் பட்டம் வாங்கிய படம் அந்த ஒற்றை அறையில் சாமி படத்துக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது. படத்தில் அவள் முகம் கொஞ்சம் இறுகி இருக்கும். பெருமிதம் என்று அப்பா சொல்லுவார். அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மாலை வரை அந்த மண்டபத்தில் ஓர் இடமும் தெரியாமல் உட்கார்ந்திருந்த முகம் அது.

எழுந்து நடந்தாள். வார்டின் கடைசியில் கழிப்பறை. நடக்கிற வழியில் இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டில்களைச் சுற்றி ஆட்கள். தாழ்ப்பாள் இல்லை, கதவை ஒரு கையால் உள்ளிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தாள். எதுவும் இல்லை. நிரம்பியிருப்பது தெரிகிறது, திறக்கிற இடம் எது என்றுதான் தெரியவில்லை. ஒரு பேரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பதுபோல் இருந்தது. தேடத் தேட விலகியது. முக்கினால் தையல் சுரீரென்றது. முக்காதே, தளர்த்து என்று சொல்லியிருக்கிறார் சிஸ்டர். தளர்த்துவது எப்படி. இறுக்குவதற்கு அவளுக்கு நூறு வழி தெரியும். முழங்காலை ஒட்டிக்கொள்வது, குதிகாலைத் தரையில் அழுத்துவது, ஒன்றிலிருந்து எண்ணுவது, வேறெதையாவது யோசிப்பது, பெல் அடிக்க இன்னும் எவ்வளவு என்று பார்க்காமலிருப்பது. தளர்த்துவதற்கு ஒரு வழிகூட யாரும் சொல்லித்தரவில்லை. வெளியே ஒரு செருமல் கேட்டது, ஆண் செருமல். கதவைப் பிடித்திருந்த கை தானாக இறுகியது. கையோடு சேர்ந்து எல்லாமே இறுகியது. எழுந்து, கழுவாத காலைக் கழுவியதுபோல் நனைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜெயக்கொடி அடுத்துப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, ஆச்சு சிஸ்டர் என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள். டீ ஒண்ணு கடன் டீச்சரு என்றாள். கோகிலவாணிக்கு அவள்மேல் வந்தது பொறாமை என்று சொன்னால் போதாது. வெறுப்பு. எதையும் அடக்கி வைக்கத் தெரியாத வாய், எதையும் அடக்கி வைக்கத் தெரியாத உடம்பு, கொடுத்துவைத்தவள்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வெயில் ஜன்னலுக்குள் இறங்கியிருந்தது. பின்னால் மாணவர்கள் கூட்டம். ஏறக்குறைய அவள் வயதுதான். ஒருவன் வெள்ளைக் கோட்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான். ஜெயக்கொடியின் புருஷனும் அவள் கொழுந்தனும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். டாக்டர் கேஸ் சீட்டைப் பார்த்தபடியே, என்னம்மா, யூரின் போச்சா என்று கேட்டார். எத்தனை கண்கள். கோட்டு நுனியைச் சுருட்டியவனும் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் சொன்னாள்: "ஆச்சு சார்." அவ்வளவு எளிதாக, இடறாமல். கீழே வராதது வாயால் வந்துவிட்டது. டாக்டர் தலையாட்டி, மாணவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் தன்னுடைய வயதும் சினைப்பையும் வெற்றி என்கிற மாதிரி ஒரு சொல்லும் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஜெயக்கொடியிடமும் அதே கேள்வி. அவளும் ஆச்சு என்றாள், இந்த முறை சத்தம் குறைவாக.

ஏன் சொன்னேன். போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டு படுத்தபடி கோகிலவாணி இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பிள்ளைகளின் விடைத்தாளில் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டுவிட்டோமோ என்று கட்டை அவிழ்த்துத் திரும்பப் பார்க்கிறவள். ஆம்பிளைகள் இருந்ததால் சொன்னேன் என்று முதலில் நினைத்தாள். அது உண்மைதான், ஆனால் முழுசாக இல்லை. இன்னும் அடியில் ஒன்று இருந்தது. கல்லூரியில் முதல் வருஷம், ஆங்கிலத்தில் பாடம் நடத்திவிட்டு, புரிஞ்சுதா என்று கேட்பார்கள். அவள் புரிஞ்சுது சார் என்பாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், இந்தச் சோதனையை நீயே செய்தாயா என்று கேட்டார். செய்தேன் சார். உபகரணம் பத்தாமல் பக்கத்துப் பெண் செய்ததைப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தாளாளர் கேட்டார், வசதியெல்லாம் பரவாயில்லையாம்மா. பரவாயில்லை சார். கையில் பேனாவோடு ஒருவர் எதிரில் நின்று கேட்டால், அவர் எழுத வசதியான பதிலைச் சொல்லிவிடுவது. இல்லை என்று சொன்னால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். நிமிர்ந்து பார்த்தால் அவள் யார், எங்கிருந்து வந்தவள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். ஆமாம் சார் என்றால் அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டிப் போகவிட்டுத் தாண்டிப் போகவிட்டுத்தான் அவள் பட்டமே வாங்கினாள். இது பொய்யில் சேர்த்தி என்று இன்றைக்குத்தான், இந்த வயிற்றோடு, தோன்றியது.

வயிறு கனத்தது. முதலில் கனம், பிறகு இழுப்பு, பிறகு தொப்புளுக்குக் கீழே யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். காலை மடக்கினாலும் நீட்டினாலும் அந்தக் கை எடுபடவில்லை. பாடப்புத்தகத்தில் அந்தப் பை எப்போதும் பாதி நிரம்பியதாக, இளநீலத்தில், அமைதியாக இருக்கும். அளவுக்கு மீறி விரிந்தால் அதன் தசை சுருங்கும் வலுவை இழக்கும். அந்த வரி புத்தகத்தில் இல்லை, போன முறை குழாய் மறுபடி போட்ட அன்றைக்கு போனில் தேடிப் படித்தது. அதற்கப்புறம் இன்னும் என்னென்னவோ இருந்தது, சிறுநீரகம் வரைக்கும் போனது. படிக்காமல் இருந்திருக்கலாம். படித்ததால்தான் பயம், படிக்காவிட்டால் வெறும் வலி. அம்மா வராந்தாவில் நின்று அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்துர்றோம், ரசம் மட்டும் வச்சிருங்க, ஆமா எல்லாம் நல்லாப் போகுது. எல்லாம் நல்லாப் போகுது என்று அம்மா சொன்னதைக் கேட்டுத் தனக்குச் சிரிப்பு வந்ததை நினைத்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அது மட்டும் தடையில்லாமல் வந்தது. பக்கத்தில் ஜெயக்கொடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு பகடியும் பேசவில்லை. தூங்குகிறாள் போலும். நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அம்மா உள்ளே வந்து துணிகளை வயர்கூடையில் அடுக்கத் தொடங்கினாள். கோகிலவாணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். அம்மா மடித்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"வாயை மூடிக்கிட்டுப் படு. வீட்டுக்குப் போனா தன்னால வரும். உனக்கு எப்பவும் வீட்டுக்கு வந்தாத்தான வரும்."

வராட்டி என்றாள் இவள். வரும் என்றாள் அம்மா. அவ்வளவு பெரிய டாக்டரு எழுதிட்டுப் போயிருக்காரு, இப்பப் போயி இல்லேன்னு சொன்னா அவரையில்ல பொய்யாக்குற மாதிரி ஆகும், நாளைக்கு நமக்கு யாரு வைத்தியம் பாப்பா என்று குசுகுசுத்தாள். சொல்லும்போது அவள் கை கோகிலவாணியின் வயிற்றின்மேல் போர்வையோடு வந்து படிந்தது. படிந்த கை அங்கே நிரம்பி உருண்டு நின்றதைத் தெரிந்துகொண்டு சட்டென்று விலகியது. அம்மாவுக்கும் பயம் என்பது அப்போது தெரிந்தது. இரண்டு பேரில் ஒருவருக்காவது பயம் இல்லாமல் இருந்திருக்கலாம். கோகிலவாணி எழுந்தாள். உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவதே ஒரு காரியமாக இருந்தது. குனிந்தபடி, கட்டில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து, சிஸ்டரின் மேசை வரைக்கும் நடந்தாள். பார்வை நேரத்து மணி அடித்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். பழப் பைகளோடு ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. வேறு ஆள் இல்லாதபோது சொல்லலாம். ஆனால் வேறு ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று அவள் வாழ்க்கையில் எப்போது இருந்தது.

"சிஸ்டர், எனக்கு யூரின் போகல. காலையில சார்கிட்ட போச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

ரெஜினா சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். அவர் திட்டியதில் பாதிதான் கோகிலவாணியின் காதில் ஏறியது. படிச்ச பிள்ளை, டீச்சர் வேற, பை வெடிச்சா யார் பதில் சொல்றது, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையில்ல உருளும். பழப் பை வைத்திருந்தவர்கள் பழப் பையோடு நின்று கேட்டார்கள். டியூப் போடுற ட்ரே கொண்டு வா என்று சிஸ்டர் ஆயாவை விரட்டினார். அப்போதுதான் பின்னாலிருந்து, சுவர்ப்பக்கம் திரும்பிய நிலையிலேயே, ஜெயக்கொடி சொன்னாள்: "சிஸ்டரு, எனக்கும் ஆகல."

யாரோ ஒரு பெண் சிரித்து, உடனே நிறுத்தினாள். ஜெயக்கொடியின் புருஷன், அப்பக் காலையில ஆச்சுன்னியே என்றான். ஆமா சொன்னேன், அந்தக் குழாய திரும்ப உனக்குள்ள சொருகினா நீயும் சொல்லுவ என்றாள் அவள். சிஸ்டர் மேசைக்கு அடியிலிருந்து அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை எடுத்துக் கோகிலவாணி முன்னால் வைத்தார். ட்ரே வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு தடவை போய்ப் பாருங்க, இனிமே உங்க வாய்ப்பேச்சு எனக்கு வேணாம், இதுல பிடிச்சுக் கொண்டுவந்து காட்டணும் என்றார். ஜாடி ஒன்றுதான் இருந்தது. ஜெயக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். நீ முதல்ல போ டீச்சரு, எனக்கு வராது, எனக்குத் தெரியும், நான் கதவைப் பிடிச்சுக்கிறேன் என்றாள்.

காலையிலிருந்து இவளைத்தான் வெறுத்துக்கொண்டிருந்தோம் என்பது கோகிலவாணிக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரியான ஒரு வாக்கியத்தைத் தயார் செய்யப் பார்த்தாள். அது சரியாக அமையவில்லை. ஜாடியின் விளிம்பு தொடையில் சில்லென்று பட்டது. தளர்த்து. தளர்த்து என்று சொல்கிறவள் யார், தளர்த்த வேண்டியவள் யார். டியூபோடு வீட்டுக்கு. தாளாளர் இன்னொரு டீச்சரை இந்நேரம் போட்டிருப்பார். அந்தப் பெண் சாவி கேட்பாளா. கேட்பாளாக இருக்கும், சிலருக்குக் கேட்க வரும். பதினைந்து நாள் கழித்து வந்து எடுத்து, அப்போதும் வராமல், மறுபடி பதினைந்து நாள், அப்படியே வாழ்நாள் முழுக்க ஒரு பையைச் சுமந்துகொண்டு. தெய்வநாயகத்திடம் சாவியே கேட்க வேண்டியதில்லை என்று ஒரு எண்ணம் ஓடியது. அதன் அசிங்கம் பொறுக்காமல் தலையை உதறிக்கொண்டாள். வெளியே ஒரு ஆண் குரல், ஏம்மா வழியில நிக்கிற, கை கழுவணும் என்றது. ஜெயக்கொடி நகரவில்லை.

"உள்ள பொம்பளப் பிள்ள ஒண்ணுக்குப் போயிக்கிட்டிருக்கு. வராம உக்காந்திருக்கு. செத்த பொறு, உன் கை ஒண்ணும் அழுகிறாது."

அவ்வளவுதான், எல்லாம் சொல்லியாகிவிட்டது. வெளியே இருக்கிறவனுக்குத் தெரியும், அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியும், பழப் பைகளுக்குத் தெரியும். மறைப்பதற்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. அவள் எதையும் செய்யவில்லை. ஒரு எரிச்சல் மட்டும், கண்ணாடித் தூள்போல, பிறகு ஜாடியின் அடியில் ஒரு சொட்டு விழுகிற சத்தம். நின்றுவிட்டது. சத்தம் கேட்டதுமே உள்ளே பழைய இறுக்கம் வந்து மூடிக்கொண்டது. வெளியே கேட்டிருக்கும். கேட்டால் என்ன. கேட்கட்டும் என்று நினைத்தாளா, நினைப்பதற்குக்கூடச் சக்தி இல்லாமல் போயிற்றா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மறுபடி வந்தது. எரிந்தது, இளஞ்சிவப்பாக வந்தது, விட்டு விட்டு, பிறகு விடாமல். எவ்வளவு காலமாகவோ யார் யாருக்கோ அடக்கி வைத்ததெல்லாம் இதில் சேர்ந்து வருகிற மாதிரி நீண்டது. அந்த நீளத்தில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. இவ்வளவுதானா. இதற்குத்தானா.

ஜாடி கைக்குக் கதகதப்பாக இருந்தது. வெளியே வந்தபோது ஜெயக்கொடி ஜாடியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், நல்லா இரு என்றாள். ஜாடியைத் தா என்று கேட்கவில்லை. ஆயா ட்ரேயோடு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள். ஜெயக்கொடி தன் கட்டிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், ஜாடியை மூட. கோகிலவாணி துண்டை விலக்கினாள். மூடினால் தளும்பும். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே, நின்று வழிவிட்ட ஆண்களைத் தாண்டி நடந்தாள். மேசைக்கு வந்ததும் சிஸ்டர் எழுதிக்கொண்டே எவ்வளவு என்று கேட்டார். அவள் ஜாடியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினாள். திரவத்தின் அளவைக் கண்மட்டத்தில் வைத்து, வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியை, கீழ்ப்பிறைத் தளத்தைத்தான் படிக்க வேண்டும். அப்படித்தான் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வார்டே பார்க்க அப்படியே படித்து, எண்ணூறு மில்லிக்குக் கொஞ்சம் கீழே என்றாள். சிஸ்டர் நிமிர்ந்தார். ஜாடியைப் பார்த்தார், அப்புறம் ஜெயக்கொடியின் கட்டிலைப் பார்த்தார். ரெண்டு பேரும் சேர்ந்துதான போனீங்க என்றார்.

"இது யாரோடது? உன்னோடது மட்டுமா, அந்தம்மாவும் இதுல போயிருக்கா?"

ஜெயக்கொடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஆயா திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுபடுகிற சீலைக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சிய இடைவெளியில் ஜெயக்கொடியின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் கேட்பதுபோல் ஒரு இடம் திறந்திருந்தது. ரெண்டு பேரும்தான் சிஸ்டர் என்று சொன்னால் போதும். ஆயா ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதை எழுதுவதும் சிஸ்டருக்கு எளிது. ராத்திரி வீட்டில் ஜெயக்கொடியின் சிறுநீர்ப்பை கல்லாகும், அவள் புருஷன் தெருவில் ஆட்டோவுக்கு அலைவான். இது எல்லாமே கோகிலவாணிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவளாக இருப்பது அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எல்லாமே என்னோடதுதான் சிஸ்டர்."

சீலை முழுவதும் இழுபட்டது. அதற்குப் பின்னாலிருந்து ஜெயக்கொடி, ஆமா சிஸ்டரு, டீச்சரு சரியாத்தான் சொல்லுது என்றாள். அந்தக் குரலில் பகடி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிஸ்டர் எண்ணைக் குறித்துக்கொண்டார். கையுறையை மாட்டியபடியே எழுந்து, ஊத்திட்டு நல்லாக் கழுவிக் கொண்டுவந்து வை, டியூப்ல வர்றத அளக்க அந்தம்மாவுக்கு வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். கோகிலவாணி கொடுக்கவில்லை. தானே கொண்டுபோய் ஊற்றினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், வாடை போகவில்லையென்று இன்னொரு தடவை கழுவினாள், தன் சேலைத் தலைப்பால் உள்ளும் புறமும் துடைத்தாள். திரும்பி வந்து, சீலைக்குள் தலையை நீட்டாமல், கையை மட்டும் அடியில் விட்டு, ஜெயக்கொடியின் கட்டிலுக்குக் கீழே ஜாடியை வைத்தாள்.